ஈட்டுறுதி

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில், நண்டு உடைத்துச் சதையெடுக்கும் நண்டு கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களிடம் ‘ஈட்டுறுதி’ என்றால் விழிப்பார்கள். ‘ஈ.எஸ்.ஐ.’ என்றால், “அதான் சம்பளத்துல மாசாமாசம் பிடிக்கிறாங்களே” என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம். தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, மருந்தகப் பலகைகளில் இருக்கும் சொல் ஈட்டுறுதி.

‘பொருள் ஈட்டுதல்’ என்பதில் வரும் ஈட்டு இது என்று நினைத்து, சம்பாத்தியத்துக்கு உறுதி எனப் பொருள் சொல்பவர்கள் உண்டு. அது பிழை. ஈடு + உறுதி என்றுதான் பிரிக்க வேண்டும். வீடு ‘வீட்டு’ ஆவதுபோல ஈடு ‘ஈட்டு’ ஆகிறது. ‘இடு’ என்ற வினையின் முதலெழுத்து நீண்டு ஈடு பிறந்தது. நம் கடற்கரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. “இன்னைக்குப் பாடு எப்படி?” என்று கேட்கிறோமே, அந்தப் பாடும் ‘படு’ நீண்டு வந்ததுதான், வலையில் பட்டது பாடு. அப்படியே, இட்டது ஈடு. இட்லிச் சட்டியில் ஒரு தடவை ஊற்றி எடுப்பது ஓர் ஈடு. வாங்கிய கடனுக்கு நிகராக வைக்கும் நகையும் ஈடு. நிகர் என்ற பொருள் அங்கே வலுத்து, இழந்ததற்கு நிகராகத் தருவது இழப்பீடு ஆயிற்று. ஆகவே ஈட்டுறுதி என்றால், இழந்ததற்கு நிகராக ஒன்று கைக்கு வரும் என்ற உறுதி.

இன்சூரன்ஸ் என்ற சொல்லின் வேர் லத்தீன் ‘செகூருஸ்’. கவலையற்ற என்று பொருள். பொதுவழக்கில் காப்பீடு என்கிறோம், அதற்குள்ளும் இதே ஈடு இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கைத் தமிழில், காப்புறுதி. எனக்கு ஈட்டுறுதிதான் நேர்மையான சொல்லாகப் படுகிறது. எல்லா நோயையும் யாரும் தடுத்துக் காக்க முடியாது. போன கூலிக்கு ஈடு கட்டலாம்.

எனக்கு வருத்தமெல்லாம் ‘பிடித்தம்’ என்ற சொல்லின் மேல். 10 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இந்தத் திட்டம். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளி தருவது 0.75 விழுக்காடு, 90 ரூபாய். முதலாளி தருவது 3.25 விழுக்காடு, 390 ரூபாய். பிடித்தம் என்றதும் அந்த 90 மட்டும் கண்ணில் நிற்கிறது, 390 மறைந்துவிடுகிறது. முதலாளியின் பங்கைக் கூலியில் கழிக்கவே கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதி வைத்தது. பிடித்த 90 ரூபாயையும் தொழிலாளி நம்பி ஒப்படைத்த பணமாகவே அது கருதியது. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் இரண்டையும் கட்டியாக வேண்டும்.

என் சித்திக்கு நண்டு முள் குத்தி விரல் வீங்கிய சமயம், மருந்தகத்தில் காப்பீட்டு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உங்க பேர்ல பணமே வரலையேம்மா” என்றார்கள். கையில் ஐந்து மாதச் சம்பளச் சீட்டு இருந்தது, ஒவ்வொன்றிலும் ‘ஈ.எஸ்.ஐ. 90’ என்று அச்சடித்திருந்தது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பணம் ஏறியிருந்தால்தான், அதற்குரிய, பின்னால் வரும் ஆறு மாதப் பயன் காலத்தில் உடம்புக்கு முடியாமல் கிடக்கும் நாட்களுக்குக் கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள் வரை. வேலையில் பட்ட காயத்துக்கு இந்த நாள் கணக்கு கிடையாது. அது தெரியாமல், வீங்கிய விரலோடு மறுநாளே அவர் நண்டு உடைக்கப் போனார்.

பிடித்தத்துக்கு மாற்றாக அரசுத் தாள்களில் ‘பங்களிப்பு’ என்று எழுதுகிறார்கள். நாம் ‘பங்கு’ என்றே சொல்லலாம். மீன் விற்று, டீசல், ஐஸ் செலவு போகப் படகுக்கும் ஆட்களுக்கும் பிரிப்பது பங்கு. அதில் குறைந்தால் கரையிலேயே நிறுத்திக் கணக்குக் கேட்கிற ஊர் இது. சித்தி இப்போது 15-ஆம் தேதி தாண்டியதும் கணக்குப் பார்க்கும் பையனிடம் போய் நிற்கிறார்: “தம்பி, எங்க பங்கு தொண்ணூறு, உங்க பங்கு முந்நூத்தித் தொண்ணூறு, ரெண்டும் ஏறிருச்சா?”