ஊறுகாயை ஒளிக்காதீர்கள்: வெளிநாட்டுச் சுங்கத்துறையும் நம் பலகார மூட்டையும்

மகளின் பிரசவத்துக்காக என் சித்தி சான்பிரான்சிஸ்கோ கிளம்பியபோது, நங்கநல்லூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பெட்டி கட்டியவன் நான். 23 கிலோவில் துணிமணி 6 கிலோ. மீதியெல்லாம் சாப்பாட்டுச் சாமான். ஆவக்காய், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், எவர்சில்வர் டப்பாவில் பிரசவ லேகியம், ஈரத்துணியில் சுற்றிய ஒரு கட்டுக் கறிவேப்பிலை. “யாராவது கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறேன்” என்றார் சித்தி. அபராதம் கட்டுகிறவர்களில் பலர் இப்படிச் சொல்லித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மீனம்பாக்கத்தில் பெட்டியை ஏற்றும்போது யாரும் தடுக்கவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. எந்த உணவு உள்ளே வரலாம் என்பதை முடிவு செய்வது நீங்கள் போய் இறங்கும் நாடு. அங்கே படிவத்திலோ இணையத்திலோ நேரிலோ உணவு இருக்கிறதா என்று கேட்பார்கள். ஒரு பாக்கெட் முறுக்கு இருந்தாலும் பதில் ‘ஆம்’தான். ‘ஆம்’ என்று சொல்லி, தடை செய்யப்பட்ட பொருள் பெட்டியில் இருந்தால் அதை எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். பொதுவாக அதற்கு அபராதம் கிடையாது. ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு அதே பொருள் பெட்டியில் கிடைத்தால்தான் வினை. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோன பொருளுக்கே, முதல் தடவையிலேயே 1,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர். ஆஸ்திரேலியாவில் அபராதத்தோடு விசாவையே ரத்து செய்து திருப்பி அனுப்ப அதிகாரம் உண்டு. அமெரிக்க விமான நிலையங்களில் உணவை மோப்பம் பிடிக்கவே பீகிள் நாய்களை வைத்திருக்கிறார்கள்; நம் பொட்டலங்கள் அவற்றிடம் தப்பாது.

சித்தியை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தோம். அங்கே அவர் ‘ஆம்’ என்றார். அதிகாரி பெட்டியைத் திறந்து கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டார். லேகிய டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, என்ன என்று கேட்டு, மூடிக் கொடுத்துவிட்டார். பத்து நிமிட வேலை.

கறிவேப்பிலை மேல் மட்டும் ஏன் இந்தக் கோபம்? அது எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்துச் செடி. ஆரஞ்சுத் தோப்புகளை அழிக்கும் நோயைப் பரப்புகிற சிறு பூச்சி அதன் இலையிலும் வாழும். புளோரிடாவின் ஆரஞ்சு விவசாயமே இந்த நோயால் நொடித்துப்போயிருக்கிறது. மாம்பழக் கதை வேறு. ‘அங்கே கடையில் இந்திய மாம்பழம் விற்கிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. 2007 முதல் அமெரிக்கா அனுமதிப்பது, கதிர்வீச்சு செலுத்திப் பூச்சி நீக்கி முறையாக ஏற்றுமதியாகும் பழத்தை மட்டும். நம் பெட்டியில் போகிற பங்கனப்பள்ளி அந்தக் கணக்கில் வராது.

அரிசியும் அமெரிக்காவுக்குப் பெட்டியில் போகக் கூடாது. காரணம், சேமித்த தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டு. அதன் புழு சின்ன இடுக்கில் பதுங்கி, தீனியில்லாமல் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இதே வண்டுக்குப் பயந்து ஆஸ்திரேலியா 2020 முதல் அரிசி, கொண்டைக்கடலை, துவரை, பாசிப்பயறு, சீரகம், கொத்தமல்லி விதை, மிளகாய் வற்றல் என்று நம் அஞ்சறைப்பெட்டியில் பாதியைப் பயணிகள் கொண்டுவரத் தடை செய்துவிட்டது. சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் போகிறவர்கள் மளிகையை அங்கேயே வாங்கிக்கொள்வதே நல்லது. பாலில் செய்த இனிப்புகளும் அங்கே போகாது. கோமாரி நோய் பயம். பிரிட்டனும் இந்தியாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் இறைச்சியையும் பால் பொருட்களையும் அனுமதிப்பதில்லை. பால்கோவா ஆசையை விட்டுவிடுங்கள். முறுக்கு, தட்டை போன்றவற்றால் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஆனாலும் சொல்லிவிட வேண்டும்.

துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசா அங்கே போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. கசகசா, அபின் செடியின் விதை. நம் ஊர் மளிகைக் கடையில் தாராளமாகக் கிடைப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இதில் நான் முதலில் சொன்ன ‘ஆம் என்று சொன்னால் போதும்’ என்கிற கணக்கு செல்லாது, கொண்டுபோகவே கூடாது. தனிப் பொட்டலம் இல்லையே என்று நிம்மதி அடையவும் முடியாது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது சேர்ந்திருக்கலாம். அரைத்தவரிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

வீட்டுப் பொடியைவிடக் கடைப் பாக்கெட் மேல் என்பது என் கட்சி. ருசிக்காக அல்ல, அச்சிட்ட பொருள் பட்டியலுக்காக. பெயரில்லாத பழுப்புப் பொடியைப் பார்க்கும் அதிகாரிக்கு அது சாம்பார் பொடியா விதைத் தூளா என்று எப்படித் தெரியும்? மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் காற்றை நீக்கி பேக் செய்து, லேபிளும் ஒட்டித் தருகிறார்கள். வீட்டுப் பொடிதான் வேண்டும் என்றால் பெயரையும் சேர்மானத்தையும் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். ‘சிக்கன் மசாலா’ பாக்கெட்டைக் கொண்டுபோனால், அதில் கோழி இல்லை என்பதை லேபிளைக் காட்டி விளக்கத் தயாராக இருங்கள்.

செடி, விதை கொண்டுபோக வேண்டுமென்றால் தாவர நலச் சான்றிதழ் தேவைப்படலாம். அதை மீனம்பாக்கத்தில் உள்ள மத்திய அரசின் தாவரத் தடுப்புக்காப்பு நிலையம் வழங்குகிறது. ஆனால் போகிற நாடு தடை செய்த பொருளுக்கு அந்தச் சான்றிதழும் உதவாது.

நம் விமான நிலையத்திலேயே நிற்கிற சாமான்களும் உண்டு. எண்ணெய் மிதக்கும் ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள். நெய்யும் எண்ணெயும் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது. கொப்பரைத் தேங்காயைப் பெரிய பெட்டியிலும் வைக்க முடியாது. எண்ணெய்ச் சத்து மிகுந்த அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது என்று விமான விதிகள் ஒதுக்கி வைத்திருக்கின்றன.