பொகாச்சாரைத் தனியாக வீழ்த்த முடியாது: ஒரு டச்சு சைக்கிள் அணி கண்டுபிடித்த வழி

பிரான்ஸில் மூன்று வாரம் ஓடும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ், 2020இல் முடிய இன்னும் இரண்டே நாள். மொத்த நேரத்தில் முதலில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி ப்ரிமோஷ் ரோக்லிச்சிடம், முன்னிலை 57 விநாடி. அவருடைய டச்சு அணியான யும்போ-விஸ்மா மூன்று வாரமாக மலைகளில் வரிசை கட்டி முன்னால் நின்று இழுத்திருந்தது. அப்புறம் ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் 36 கிலோமீட்டர் தனிநபர் நேர ஓட்டம். அதில் எதிரணியின் 21 வயது ததெய் பொகாச்சார் கிட்டத்தட்ட இரண்டு நிமிடத்தை ஒரே மூச்சில் பிடுங்கி, 59 விநாடி வித்தியாசத்தில் டூரையே ஜெயித்துவிட்டார்.

இவ்வளவு பலமான அணி எப்படித் தோற்றது? அதற்குப் பதில் காற்றில் இருக்கிறது.

சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும் ஓட்டக்காரர் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி, சுமார் 90 சதவீதம், காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. அதுவும் வேகம் இரட்டிப்பானால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய சக்தி எட்டு மடங்கு ஆகும். ஆகவே இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது வெறும் வசதி இல்லை, பிழைப்பே அதுதான். ஒருவருக்குப் பின்னால் நெருங்கிப் போனாலே எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறையும். 2018இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்துப் பார்த்தார்கள். கூட்டத்தின் நடு, பின்பகுதியில் இருப்பவர் சந்திக்கும் காற்று எதிர்ப்பு, தனியாகப் போகிறவருடையதில் 5 முதல் 10 சதவீதம்தான்!

டச்சுக்காரர்களுக்கு இது கணினி வருவதற்கு முன்பே தெரியும். கடற்கரை நாடு, மலை கிடையாது, காற்று ஓயாது. பக்கவாட்டில் காற்றடித்தால் நேர்ப்பின்னால் போய்ப் பயனில்லை, சற்றுத் தள்ளிச் சாய்வாக நிற்க வேண்டும். அப்படிச் சாலையின் குறுக்கே சாய்வாக விரியும் வரிசைக்கு அங்கே 'வாயர்' என்று பெயர். சாலை அகலம் எத்தனை பேருக்கு இடம் தருமோ அத்தனை பேருக்குத்தான் நிழல், மிச்சப் பேர் ஓரத்தில் காற்றைத் தின்றுகொண்டே பின்தங்குவார்கள்.

இதை ஓர் அணியின் தொழிலாகவே மாற்றியவர் பீட்டர் போஸ்ட். 1964 பாரிஸ்-ரூபே ஒருநாள் பந்தயத்தை மணிக்குச் சராசரி 45.129 கிலோமீட்டர் வேகத்தில் ஜெயித்தவர், அந்தச் சாதனை 2017 வரை நின்றது. அவர் நடத்திய டிஐ-ராலே அணி, எல்லோரும் ஒரே கோட்டில் மாறி மாறி முன்னால் வந்து இழுக்கும் குழு நேர ஓட்டத்தில் அசைக்க முடியாததாக இருந்தது. 1980 டூரில் இந்த அணி 11 ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம்) வென்றது, மொத்தப் பந்தயத்தை அதன் யோப் சூட்டமெல்க் வென்றார். 1983 இறுதியில் போஸ்ட்டுக்கும் அணியின் நட்சத்திரம் யான் ராஸுக்கும் ஒத்துவராமல் அணி உடைந்தது. ராஸ் பக்கம் போனவர்களோடு 1984இல் தொடங்கிய குவாண்டம் அணிதான், 2020இல் யும்போ-விஸ்மா என்றிருந்த இன்றைய விஸ்மா அணியின் வேர். நடுவில் பெயர்கள் பல மாறின. 1996 முதல் 2012 வரை ஸ்பான்சர் வங்கியின் பெயரில் ராபோபாங்க். அந்தக் காலத்தை நல்ல காலம் என்று என்னால் சொல்ல முடியாது. 2007இல் மஞ்சள் ஜெர்சியில் இருந்த மைக்கேல் ராஸ்முசனை, எங்கே பயிற்சி செய்தார் என்பதில் பொய் சொன்னதற்காக அணியே பாதியில் அனுப்பியது. அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் பற்றிய ஊக்கமருந்து அறிக்கை வெளிவந்ததும் வங்கியும் கையை உதறிவிட்டது. 2013 தொடக்கத்தில் ஸ்பான்சரே இல்லாமல் 'பிளாங்கோ' என்ற பெயரில் ஓடினார்கள்.

சரி, 2020க்கு வருவோம். மலையில் 9 சதவீத ஏற்றத்தில் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கிவிடும். அங்கே காற்றுக்குப் போவது பத்தில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் உடல் எடையை மேலே தூக்க. ஆக முன்னால் நின்று சீரான வேகத்தில் இழுக்கும் ரயில் போன்ற அணி வரிசை, பலவீனமானவர்களைக் கழற்றிவிடும். ஆனால் அந்த வேகத்தைத் தாங்கக்கூடிய ஒருவரைக் கழற்றாது. அவர் பின்னால் உட்கார்ந்து, கொஞ்சநஞ்சக் காற்று மறைப்பையும் இலவசமாக வாங்கிக்கொண்டு, கூடவே வருவார். பொகாச்சார் செய்தது அதுதான். நேர ஓட்டத்திலோ யாருக்கும் அணி கிடையாது.

அப்படிப்பட்டவரை உடைக்க வேண்டுமானால் சீரான வேகத்தை உடைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நெடுநேரம் தாங்கக்கூடிய ஒரு சக்தி எல்லை உண்டு. அதைத் தாண்டிப் போகலாம், ஆனால் அதற்கான கையிருப்பு சிறியது, எல்லைக்குக் கீழே இறங்கினால்தான் மெதுவாகத் திரும்ப நிரம்பும். 2022 டூரில், ஜூலை 13 அன்று கலிபியே மலையில் யும்போ-விஸ்மா அணி இதைத்தான் குறிவைத்தது. ரோக்லிச் பாய்வார், பொகாச்சார் துரத்திப் பிடிப்பார். பிடித்த மறுகணம் அதே அணியின் யோனாஸ் விங்கேகார் பாய்வார். இருவரும் முறை வைத்து ஓய்வெடுத்தார்கள், பொகாச்சாருக்கு ஓய்வே இல்லை. ரோக்லிச் சில நாள் முன்பு விழுந்து தோள்பட்டை நழுவியவர், தன் வாய்ப்பு போய்விட்டது என்று தெரிந்தே இந்த வேலையைச் செய்தார். எனக்கு அந்த டூரில் மிகப் பிடித்த ஓட்டம் அவருடையது.

இன்னொரு கையிருப்பு தசையில் சேமிக்கப்பட்டிருக்கும் சர்க்கரையான கிளைகோஜன். எல்லைக்கு மேலே ஒவ்வொரு பாய்ச்சலும் கொழுப்பை விட்டுவிட்டு இதைத்தான் எரிக்கும். வழியில் சாப்பிட்டு நிரப்பலாம் என்றால் குடலுக்கும் ஓர் அளவு உண்டு. குளுக்கோஸ் மட்டும் கொடுத்தால் மணிக்கு 60 கிராம் அளவில் அதை உள்ளே கடத்தும் புரதங்கள் நிறைந்துவிடும். ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல் இருப்பதால் இரண்டையும் கலந்தால் 90 கிராமும் அதற்கு மேலும் போகும். இந்த ஆய்வில் பெரும்பங்கு வகித்த டச்சு உடலியலாளர் அஸ்கர் யூக்கென்ட்ரப் இந்த அணியோடு வேலை செய்தவர். யாருக்கு எந்த நாள் எத்தனை கிராம் என்று அளந்து கொடுக்கத் தனிச் செயலியே வைத்திருந்தார்கள்.

அன்று மாலை கடைசி ஏற்றமான கிரானோனில், 11.3 கிலோமீட்டர், சராசரி 9.2 சதவீதம், முடிய ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போது விங்கேகார் எழுந்து பாய்ந்தார். இந்தமுறை பொகாச்சார் பின்தொடரவே இல்லை. ஜெர்சியின் ஜிப் முழுக்கத் திறந்து கிடக்க, பின்னால் விட்டவர்களெல்லாம் ஒவ்வொருவராகத் தாண்டிப் போக, 2 நிமிடம் 51 விநாடி இழந்தார். விங்கேகார் அன்று போட்ட மஞ்சள் ஜெர்சியைப் பாரிஸ் வரை கழற்றவில்லை. அடுத்த ஆண்டு மூன்று வாரப் பந்தயங்களான இத்தாலியின் ஜீரோ, பிரான்ஸின் டூர், ஸ்பெயினின் வுவெல்டா மூன்றையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் அணி ஆனார்கள். வுவெல்டாவை வென்றவர், மற்ற இரண்டிலும் தலைவர்களுக்காக மலையில் இழுத்த செப் குஸ்.