பெயரை மாற்றினால் மட்டும் போதுமா?

"பெயரை மாற்றிவிட்டேன் சார், ஊரையும் மாற்றிவிட்டேன். இனி யார் என்ன கேட்க முடியும்?" நாவலாசிரியர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. அச்சுக்குப் போகும் முன் கைப்பிரதிகளைச் சட்டக் கண்ணோடு படித்துத் தரும் வழக்கறிஞன் நான். இதைக் கேட்டாலே பிரதியை இன்னும் மெதுவாகப் படிக்கத் தொடங்குவேன்.

நிஜ மனிதர்களிடமிருந்து கதாபாத்திரம் பிறப்பதில் தவறே இல்லை. வேறு எங்கிருந்துதான் பிறக்கும்? எடின்பரோவில் மருத்துவம் படித்த ஆர்தர் கோனன் டாயிலுக்கு ஆசிரியராக இருந்தவர் ஜோசப் பெல். நோயாளி வாய் திறப்பதற்குள் அவருடைய தொழிலை ஊகித்துவிடுவார். ஷெர்லாக் ஹோம்ஸ் உருவானது அவரைப் பார்த்துத்தான். டாயில் அதை மறைக்கவும் இல்லை. 1892இல் வந்த முதல் ஹோம்ஸ் சிறுகதைத் தொகுப்பை பெல்லுக்கே காணிக்கையாக்கினார். புகழும் சாயலுக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை.

சார்லஸ் டிக்கன்ஸ் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலைத் தொடராக எழுதியபோது நடந்தது வேறு. மிஸ் மௌச்சர் என்ற உயரம் குறைந்த பெண் பாத்திரத்தை அவர் கொஞ்சம் கோணல் புத்தி உள்ளவளாகவே படைத்திருந்தார். அதே போன்ற உடலமைப்பு கொண்ட, அவருக்கு அருகில் வசித்த பெண் ஒருவர், தன்னைத்தான் எழுதியிருக்கிறார் என்று மனம் நொந்து 1849இல் கடிதம் எழுதினார். பின்வந்த அத்தியாயங்களில் டிக்கன்ஸ் அந்தப் பாத்திரத்தை நல்லவளாக மாற்றினார். தொடராக இருந்ததால் அது முடிந்தது. அச்சிட்டுக் கடைக்குப் போய்விட்ட நாவலில் முடியாது.

அவதூறு வழக்கில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது, அந்தப் பாத்திரம் இன்னார்தான் என்று அவரை அறிந்தவர்கள் கண்டுகொள்வார்களா என்பதையே. நாட்டில் உள்ள எல்லோரும் கண்டுகொள்ள வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் 1979இல் தீர்ப்பான பிண்ட்ரிம் வழக்கு இதற்கு நல்ல சான்று. உளவியலாளர் ஒருவர் நடத்திய குழுச் சிகிச்சையில் கலந்துகொண்ட எழுத்தாளர் பிறகு அதை வைத்து நாவல் எழுதினார். பெயரை மாற்றினார். உளவியலாளரை மனநல மருத்துவர் ஆக்கினார். மழித்த முகமும் குட்டை முடியும் உள்ளவருக்கு நீண்ட வெள்ளை முடியைக் கொடுத்தார். ஆனால் அமர்வுகளின் ஒலிப்பதிவு நாவலோடு ஒத்துப்போனது. உடனிருந்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்தது. எழுத்தாளரும் பதிப்பகமும் இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று.

என்னிடம் வந்த ஒரு பிரதியில் மேலதிகாரி பாத்திரம் ஒன்று இருந்தது. இரண்டு கைகளிலும் கடிகாரம் கட்டிக்கொள்பவர், கூட்டங்களில் எப்போதும் நின்றுகொண்டே பேசுபவர். எழுத்தாளரின் பழைய அலுவலகத்தில் இருந்த எவரும் அரைப் பக்கத்தில் அடையாளம் சொல்லிவிடுவார்கள். நாவலில் அவர் பணத்தைக் கையாடுகிறார். "கையாடல் முழுக்க என் கற்பனை, அதனால் பயமில்லை" என்றார் எழுத்தாளர். பயமே அங்கேதான். நடந்ததை எழுதியிருந்தால், 'இது உண்மை' என்று சொல்லி வாதாடவாவது வழி இருக்கும். அடையாளங்களை நிஜத்திலிருந்து எடுத்துக் குற்றத்தைக் கற்பனையிலிருந்து சேர்த்தால், அந்த வாதமும் போய்விடும். எவ்வளவு நயமாகக் கற்பனை செய்கிறாரோ அவ்வளவு சேதம். எழுத்தாளருக்குக் கடிகாரங்களை விட மனமில்லை. கடைசியில் அவற்றைக் கதையில் எந்தத் தவறும் செய்யாத வேறொருவருக்குக் கொடுத்தார். பாத்திரம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

உண்மையைத்தான் எழுதினேன் என்பதும் எப்போதும் காப்பாற்றாது. அந்தரங்கம் தனி உரிமை. 'எஸ்ரா' என்ற ஜெர்மானிய நாவலில் தன்னையே கண்ட முன்னாள் காதலி தொடுத்த வழக்கில், அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2007இல் நாவலின் மீதான தடையை உறுதிசெய்தது. பாத்திரம் நிஜ மனிதரை எவ்வளவு நெருங்குகிறதோ, எழுதப்படுவது எவ்வளவு அந்தரங்கமோ, அந்த அளவுக்குப் பாதிப்பும் கனக்கும் என்பது அங்கே வகுத்த அளவுகோல். சட்டம் நாட்டுக்கு நாடு மாறினாலும், பிரதியைத் திருத்தும் மேசையில் இதைவிட உதவியான அளவுகோலை நான் பார்த்ததில்லை.

"இதில் வரும் யாவும் கற்பனையே" என்ற வரியைப் பற்றியும் கேட்பார்கள். ரஷ்ய அரச குடும்பத்தில் செல்வாக்கோடு இருந்த சாமியார் ரஸ்புடின் பற்றிய ஹாலிவுட் படம் ஒன்றில் வரும் பாத்திரம் தன்னைத்தான் குறிக்கிறது என்று ரஷ்ய இளவரசி ஒருவர் லண்டனில் வழக்குத் தொடுத்து 25,000 பவுண்டு இழப்பீடு பெற்றார். 1934இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அதன் பிறகுதான் அந்த வரி படங்களில் வழக்கமாயிற்று. போடுங்கள், கெடுதல் இல்லை. அடையாளங்கள் அப்பட்டமாக இருக்கும் பிரதியை அது காப்பாற்றாது.

ஆக, முடி நிறத்தை மாற்றுவதில் நேரம் செலவிடாதீர்கள். உறவை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், ஒருவரை மூவராகப் பிரியுங்கள். அவருக்கு மட்டுமே நடந்த அந்த ஒரு சம்பவத்தை விட்டுவிடுங்கள். புதிதாகச் சூட்டிய பெயரை அதே தொழிலில் யாராவது வைத்திருக்கிறாரா என்று தேடுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், கற்பனைப் பெயர் என்று நினைத்து ஆர்டிமஸ் ஜோன்ஸ் என்ற பெயரில் நையாண்டி வெளியிட்ட செய்தித்தாள், அதே பெயருள்ள வழக்கறிஞரிடம் மேல்முறையீடு வரை போயும் தோற்றது. நோக்கம் இல்லை என்ற வாதம் எடுபடவில்லை.

சம்மதம் கிடைக்கும் என்றால் எழுத்தில் வாங்குங்கள், எந்தப் பகுதிக்கு என்றும் குறிப்பிட்டு. புத்தகம் வந்தபின் கோபமான அழைப்பு வந்தால் அங்கேயே வாதாட வேண்டாம். பதிப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். மின்னூலிலும் அடுத்த அச்சிலும் ஒரு பத்தியை மாற்றுவதோடு முடிந்துபோன சச்சரவுகள் என் கோப்புகளில் நிறைய இருக்கின்றன.