கெஸ்ட் நெட்வொர்க்: விருந்தினரை ஏன் பிணையில் வைக்கிறீர்கள்?

வீட்டு ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் வைப்பது எப்படி என்று தமிழில் விளக்கும் எதைத் திறந்தாலும் ‘விருந்தினர் பிணையம்’ என்றே வருகிறது. போன வாரம் சொந்தக்காரப் பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, “யாரை ஜாமீன்ல எடுக்கணும் மாமா?” என்று கேட்டான். சிரித்தேன், ஆனால் அவன் கேட்டதில் தப்பே இல்லை.

பொருள் எளிது. அதே ரவுட்டர், ஆனால் வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் கொண்ட இரண்டாவது வைஃபை. அதில் சேர்கிறவருக்கு இணையம் கிடைக்கும். வீட்டுக் கணினியில் பகிர்ந்து வைத்த கோப்புகளோ பிரிண்டரோ கண்ணில் படாது.

கெஸ்ட் என்ற சொல்லும், பகைவனைக் குறிக்கும் ‘ஹோஸ்டிஸ்’ என்ற லத்தீன் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை, வேரின் பொருள் அந்நியன். நம் ‘விருந்து’க்கும் பழைய பொருள் புதுமைதான், சாப்பாடு இல்லை. தொல்காப்பியம் புது வகைச் செய்யுளையே விருந்து என்கிறது. புதிதாக வந்தவர் விருந்தினர். இப்போது பலர் புதிதாக வாங்கிய கேமராவையும் ஸ்மார்ட் பல்பையும் முழுசாக நம்ப முடியாமல் இந்த வைஃபையில்தான் விடுகிறார்கள், அதற்கும் இந்தப் பழைய பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆக ‘விருந்தினர்’ இருக்கட்டும்.

சண்டை பிணையத்தோடுதான். பிணை என்றால் கட்டு, பின்னல், அதிலிருந்து நெட்வொர்க்குக்குப் பிணையம் என்று ஆக்கியது இலக்கணப்படி சரிதான், இணையத்தோடு எதுகையாகவும் இருக்கிறது, அந்த எதுகையில்தான் பலர் மயங்கினார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் பேப்பர் படிக்கிறவருக்குப் பிணை என்றால் நீதிமன்றம், பிணையம் என்றால் கடனுக்கு ஈடு, பிணைக்கைதி என்றால் சொல்லவே வேண்டாம். அதன் பக்கத்தில் விருந்தினரைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? அதைவிடப் பெரிய கோளாறு, இந்த ஏற்பாட்டின் வேலையே பிணைக்காமல் பிரித்து வைப்பது. பல ரவுட்டர்களில் விருந்தினர் சாதனங்கள் ஒன்றையொன்று கூடப் பார்க்க முடியாது!

பிணையத்துக்குப் பதில் ‘வலை’ என்றால் வலைத்தளத்தோடு குழம்பிவிடும் என்பார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் நிற்கிறவர் எந்த வலைத்தளத்தோடு குழப்பிக்கொள்வார்? ‘விருந்தினர் வலை’ போதும். வலையமைப்பு என்று நீட்டினாலும் குற்றமில்லை, பேச்சில் கெஸ்ட் வைஃபை என்றாலும் எனக்குக் கோபம் வராது. வைஃபை ஒரு வணிகப் பெயர், 1999-இல் வைத்தது. அதை ‘அருகலை’ ஆக்கித்தான் தீர வேண்டுமா? புளூடூத்தும் அருகில் பாயும் அலைதானே.

மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறையாவது ரவுட்டரைத் திறந்து பார்த்திருந்தால் பாதிப் பிழை வந்திருக்காது. பல ரவுட்டர்களின் கெஸ்ட் அமைப்பிலேயே ஒரு பெட்டி இருக்கும், அதை ‘உள்ளூர் பிணையத்தை அணுக விருந்தினரை அனுமதி’ என்று எழுதி வைக்கிறார்கள். உள்ளூர் என்றால் நம் ஊர்தானே, நல்லதுதானே என்று டிக் அடித்துவிடுவார் மனிதர். அந்த ‘உள்ளூர்’ அவருடைய சொந்த வீட்டு வலை. டிக் விழுந்த அந்த நிமிடமே பிரித்து வைத்தது அத்தனையும் வீண். ‘வீட்டுச் சாதனங்களை விருந்தினரும் பார்க்கலாம்’ என்று எழுதியிருந்தால் யாராவது தொட்டிருப்பார்களா?