சிரட்டைக் கரியில் முழு வான்கோழி

வான்கோழியைத் துண்டு போட்டு வறுத்தரைத்த குழம்பு வைத்தால் கவலை இல்லை. குழம்பு கொதிக்கும்போது 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நெஞ்சுத் துண்டு கொஞ்சம் வறண்டாலும் தேங்காய் மசாலா அதை மறைத்துவிடும். மூடி போட்ட கரி அடுப்பில் முழுப் பறவையைச் சுடும்போதுதான், நாம் ஒரே நேரத்தில் இரண்டு வேறு இறைச்சிகளைச் சமைக்கிறோம் என்பது புரியும்.

வான்கோழி நாள் முழுக்க நடக்கும், அபூர்வமாகத்தான் பறக்கும். ஓயாமல் உழைக்கும் காலில் பிராணவாயுவைத் தேக்கிவைக்கும் மயோகுளோபினும், தசையைக் கட்டிவைக்கும் கொலாஜனும் அதிகம். நெஞ்சில் இரண்டும் குறைவு. கொலாஜன் உருகி ஜெலட்டின் ஆனால்தான் கால் மிருதுவாகும். அதற்குத் தொடை 80 டிகிரியைத் தொட்டு, அங்கேயே சற்று நேரம் நிற்க வேண்டும். நெஞ்சோ 74 டிகிரியில் தயார். நோய்க்கிருமிகள் அந்தச் சூட்டில் உடனே சாகும். அதற்கு மேல் போகப் போக தசைநார்கள் சுருங்கி, உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். 80 டிகிரி கண்ட நெஞ்சுக்கறி கதம்பை (தேங்காய் மட்டை) நாரைப் போலத்தான் இருக்கும். இந்த ஆறு டிகிரி வித்தியாசத்தை ஒரே உடம்பில் உண்டாக்க வேண்டும். கேஸ் அவனைவிடக் கரி அடுப்பில் இது எளிது, ஏனென்றால் நெருப்பை ஒரு பக்கமாக ஒதுக்கிவைக்கலாம்.

எரியும் கரியின் மேற்பரப்பு 700 டிகிரிக்கும் மேல் சூடாக இருக்கும். அதன் கதிர்வீச்சு நேரே விழுந்தால் தோல் பத்து நிமிடத்தில் கருகும், ஆனால் எலும்பை ஒட்டிய சதை பச்சையாகவே கிடக்கும். சதைக்குள் வெப்பம் மிக மெதுவாகத்தான் நகரும். கனம் இரண்டு மடங்கானால் வேக ஆகும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் கரியை அடுப்பின் ஒரு ஓரத்தில் மட்டும் குவித்து, பறவையை எதிர் ஓரத்தில் நெஞ்சு மேலே பார்க்க வையுங்கள். கால்கள் நெருப்பை நோக்கி இருக்கட்டும், கழுத்துப் பக்கம் தள்ளி இருக்கட்டும். பறவையின் அடியில் ஒரு தட்டில் வெந்நீர் வைத்தால் கொழுப்பு அதில் சொட்டும், தீ எழும்பாது. அடுப்பில் ஏற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பு நெஞ்சின் மேல் மட்டும் ஐஸ் பை வைப்பவர்களும் உண்டு. நெஞ்சு சில டிகிரி குளிர்ந்து தொடங்குவதால் கால் முந்திக்கொள்கிறது. கேலியாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும்.

அடுப்பின் சூட்டை முடிவுசெய்வது கரியின் அளவைவிட உள்ளே போகும் காற்றின் அளவுதான். கீழ்த்துளையைத் திறந்தால் சூடு ஏறும், சுருக்கினால் இறங்கும். மாற்றிய பிறகு பதினைந்து நிமிடம் பொறுத்துத்தான் பலன் தெரியும். பொறுமை இல்லாதவர் கீழ்த்துளையை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டே இருப்பார், சூடும் ஊஞ்சலாடும். மேல்துளையை முழுக்கத் திறந்து பறவையின் பக்கம் இருக்கும்படி மூடியைத் திருப்பி வையுங்கள்; அனல் பறவையைத் தாண்டித்தான் வெளியேறும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலையைச் சுழற்றும் காற்று உங்கள் அடுப்பையும் விடாது. கீழ்த்துளை காற்று வீசும் பக்கத்தைப் பார்க்காதபடி திருப்பி, ஒரு தகரத் தடுப்பு வையுங்கள். மழை என்று அடுப்பை வீட்டுக்குள்ளோ, மூடிய கார் ஷெட்டுக்குள்ளோ கொண்டுபோகவே கூடாது. கரி கக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இஸ்திரிப் பெட்டிக்குப் போடும் அதே சிரட்டைக் கரி இதற்கு மிக நல்லது. அடர்த்தியானது, புகை குறைவு, நல்ல சூடு தரும். குறை என்னவென்றால் சில்லு சில்லாக இருப்பதால் நெருக்கமாகப் படிந்து காற்றை அடைக்கும். தூளைச் சலித்து எறிந்துவிட்டு, பெரிய சில்லுகளை மட்டும் எடுத்து, நடுவே இரண்டு மூன்று விறகுக் கரிக்கட்டை செருகுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கிடந்த கரியை ஒரு நாள் வெயிலில் காயவைக்காவிட்டால் வெடித்துப் பொரியும். 5 கிலோ பறவைக்குத் தொடக்கத்தில் 2 கிலோ கரி, பிறகு நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி. பழைய டிரம்மை வெட்டி அடுப்பு செய்பவர்கள் ரசாயனம் இருந்த டிரம்மையும், துத்தநாகம் பூசிய தகரத்தையும் தவிர்க்கவேண்டும்.

மணத்துக்குக் கொய்யா அல்லது மாமர விறகு, காய்ந்தது, கைமுட்டி அளவில் மூன்று துண்டு போதும். விறகில் உள்ள லிக்னின் சிதையும்போதுதான் புகைக்கு அந்த மணம் தரும் ஃபீனால்கள் உண்டாகின்றன. ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும்போது பூஞ்சை பிடிக்காமல் காப்பவற்றிலும் ஃபீனால்கள் அடக்கம். விறகுத் துண்டை முதல் ஒரு மணி நேரத்திலேயே போட்டுவிடுங்கள். குளிர்ந்து ஈரமாக இருக்கும் தோலில்தான் புகை நன்றாகப் படியும். மெல்லிய நீலப் புகை வந்தால் சரி. அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் காற்று போதவில்லை, கறியில் கசப்பு ஏறும். கதம்பை போட்டால் வருவதும் இந்தப் புகைதான், அது கொசுவை விரட்டத்தான் லாயக்கு. கொல்லாங்கொட்டை (முந்திரி)த் தோட்டைத் தொடவே வேண்டாம், அதன் எண்ணெய்ப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். மேஜை, நாற்காலி செய்து மிஞ்சிய ரப்பர் பலகையில் பூச்சி மருந்து ஏறியிருக்கும், அதுவும் கூடாது.

பறவையைத் தேர்ந்தெடுக்கும்போது சுத்தம் செய்த எடை 5 கிலோவைத் தாண்டவேண்டாம். பெரிய சேவல் மெதுவாகச் சூடேறுவதால் கிருமி பெருகும் 4 முதல் 60 டிகிரி வரையான எல்லைக்குள் அதிக நேரம் கிடக்கும். கடைக்காரரிடம் தோலை உரிக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 60 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கினால் இறகு சுலபமாக வரும். கொதிக்கும் நீரில் முக்கினால் தோல் கிழியும். அறுத்த சூட்டோடு அடுப்பில் ஏற்றினால் தசை விறைத்த நிலையிலேயே வெந்து ரப்பராகும். ஒரு நாள் ஃபிரிட்ஜில் இருந்தால்தான் அந்த விறைப்பு விலகும்.

அந்த ஒரு நாளில் உப்பும் வேலை செய்யும். 5 கிலோவுக்கு 70 கிராம் போதும். புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பைப் பொடித்தால் கரண்டிக் கணக்கு ஏமாற்றும், தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுத் தோலை விரலால் மெல்லப் பிரித்து உள்ளேயும் தடவுங்கள். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த நீரிலேயே கரைந்து சதைக்குள் திரும்பிப் போகும். தசைப் புரதத்தைத் தளர்த்துவதால் வேகும்போது இழப்பு குறையும். மூடாமல் வைத்தால் தோல் காய்ந்து, மொறுமொறுப்புக்குத் தயாராகும். தயிர், அரைத்த தேங்காய் மசாலா எதுவும் தோல்மேல் வேண்டாம். அந்த ஈரம் முழுக்க ஆவியாகும்வரை தோல் 100 டிகிரியைத் தாண்டாது, பொன்னிறமோ 140 டிகிரி வாக்கில்தான் வேகம் பிடிக்கும். நல்லமிளகு, பூண்டு, தேங்காய் எண்ணெய் போதும். மிளகாய்த்தூளும் கருப்பட்டியும் சீக்கிரம் கருகும், கடைசி இருபது நிமிடத்தில் பூசலாம். வயிற்றுக்குள் எதையும் திணிக்காதீர்கள்.

அடுப்பு 165 முதல் 175 டிகிரி வரை இருந்தால் 5 கிலோ பறவைக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். மூடியில் பதித்த மீட்டர் மேலே தேங்கும் சூட்டைக் காட்டும், கம்பி வலையின் மட்டத்தில் அளப்பதே நம்பகமானது. 120 டிகிரியில் நாள் முழுக்கப் புகைக்கலாம் என்று ஆசைப்படுபவருக்கு மணம் கிடைக்கும், ஆனால் தோல் செருப்புத் தோலாகும். அந்தச் சூட்டில் இன்னொரு திகைப்பும் உண்டு. கறி 65 டிகிரியைத் தாண்டியதும் மீட்டர் நகராமல் நிற்கலாம். மேற்பரப்பில் ஆவியாகும் நீர், வியர்வை நம் உடம்பைக் குளிர்விப்பது போல, கறியைக் குளிர்விக்கிறது. அவசரப்பட்டுக் கரியை அள்ளிப் போடாமல் சும்மா விடுங்கள். மூடியைத் திறந்து பார்ப்பதற்கும் ஒரு விலை உண்டு: உள்ளே இருந்த சூடு போகும், புதுக்காற்று பட்டுக் கரி சீறும்.

தெர்மாமீட்டர் முனையை நெஞ்சின் தடிமனான இடத்திலும், தொடையின் உட்பக்கத்திலும் எலும்பில் படாமல் குத்துங்கள். நெஞ்சு 71, தொடை 80 காட்டினால் இறக்கிவிடலாம். இறக்கியபின்னும் வெளிச்சூடு உள்ளே போய் நெஞ்சு 74-ஐத் தொடும். அதைப் பார்த்தபிறகே கத்தி வையுங்கள். அரை மணி நேரம் திறந்தே வையுங்கள், ஃபாயிலில் சுற்றினால் தோல் நமத்துப்போகும். வெட்டும்போது தோலுக்குக் கீழே இளஞ்சிவப்பு வளையம் தெரிந்தால் வேகவில்லை என்று திரும்ப ஏற்றவேண்டாம். கரிப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு மயோகுளோபினோடு சேர்ந்து பூசிய நிறம் அது. கால் சாறு தெளிவாக வடிகிறதா என்று பார்ப்பதும் நம்பகமில்லை. இதில் மீட்டர் சொல்வதே கணக்கு.

மிஞ்சிய கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். எலும்புக்கூட்டில் இஞ்சியும் நல்லமிளகும் போட்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டால் புகை மணத்தோடு சூப் கிடைக்கும். உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும், கடைசியில் ருசி பார்த்துத்தான் சேர்க்கவேண்டும்.