பண்டிகைப் படங்கள் குரூப்பில் இருக்கின்றன என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்

தை பிறந்து சில வாரங்கள் ஆனதும் எங்கள் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களில் பலர் வாட்ஸ்அப்பில் வந்த பண்டிகைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரச் சொல்கிறார்கள். அண்மையில் ஒரு குடும்பத்தார், மறைந்த தங்கள் பாட்டியின் பதினாறாம் நாள் காரியத்துக்காக அப்படி ஒரு படத்தோடு வந்தார்கள். பொங்கல் பானையருகே பேரப்பிள்ளைகள் நால்வர் சூழப் பாட்டி சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் படத்தைவிட நல்லதொன்று அவர்களிடம் இல்லை. அதை எடுத்த பேரனோ பழைய போனைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிவிட்டார். மிஞ்சியிருந்தது குடும்பக் குரூப்பில் வந்த பிரதி மட்டுமே. இதே கதையை எத்தனையோ குடும்பங்களிடம் கேட்டுவிட்டேன். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

“அதுதான் குரூப்பில் இருக்கிறதே” என்கிறார்கள். குரூப்பில் இருப்பது நீங்கள் எடுத்த படம் இல்லை. இன்றைய சாதாரணப் போன்கூட 4000க்கு 3000 பிக்சல் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளி) அளவில் படம் எடுக்கிறது. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும்போது அது ஏறத்தாழ 1600க்கு 1200 ஆகச் சுருக்கப்பட்டு, அதற்கு மேலும் விவரம் குறையும்படி அழுத்தப்படுகிறது. போன் திரையில் இந்த வேறுபாடு தெரியாது என்பதுதான் எல்லோரும் ஏமாறும் இடம். பாட்டியின் முகம் மூலப் படத்தில் 500 பிக்சல் அகலம் இருந்திருந்தால், குரூப் பிரதியில் அது 200தான் இருக்கும். மூன்றரை அங்குல அகலத்தில் அந்த முகத்தை அச்சிட 500 பிக்சல் ஓரளவு போதும். 200ஐ வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய முடியும்? கூர்மையாக்கித் தரும் செயலிகள் இருக்கின்றனவே என்று கேட்காதவர்கள் குறைவு. அந்தச் செயலிகள் இல்லாத விவரத்தைத் தாமாகவே கற்பனை செய்து வரைகின்றன. கண்ணும் பல்லும் பளிச்சென்று வரும், ஆனால் வேறு யாரோ ஒரு மூதாட்டி உங்களைப் பார்த்துச் சிரிப்பார். அப்படி ஒரு முகத்தை மாலை போட்டு வணங்கக் கொடுக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை. வாட்ஸ்அப்பில் 2023இல் வந்த எச்டி வசதி படத்தின் அளவைக் கூட்டியதே தவிர, அழுத்துவதை விட்டுவிடவில்லை.

அளவு போவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாளையும் நேரத்தையும், அனுமதி இருந்தால் இடத்தையும் பதிந்து வைக்கிறது. வாட்ஸ்அப் அந்தப் பதிவை நீக்கிவிடுகிறது. கோப்பின் பெயரில் ஐஎம்ஜி என்ற எழுத்துகளை அடுத்து வரும் தேதி, படம் உங்கள் போனுக்கு வந்த நாளைக் குறிப்பதாகும். சித்தப்பா 2018 பொங்கல் படத்தை 2025இல் குரூப்பில் போட்டால் அது உங்கள் ஆல்பத்தில் 2025ஆம் ஆண்டுப் படமாகவே போய் உட்காரும். பள்ளி முடித்துவிட்ட மகள் மறுபடியும் பால்பல்லோடு தோன்றுவாள். ஆண்டுவாரியாக அடுக்கித் தரச் சொல்லி வருகிறவர்களின் படங்களில் எங்களுக்கு அதிக நேரம் பிடிப்பது இந்தக் குழப்பத்தைப் பிரிப்பதற்குத்தான். அது மட்டுமின்றி, நீங்கள் பதிவிறக்காமல் விட்ட பழைய படங்களை வாட்ஸ்அப் தன் சர்வரில் நெடுநாள் வைத்திருப்பதுமில்லை. சில மாதங்கள் கழித்துத் தொட்டால், அனுப்பியவரிடம் மீண்டும் கேட்கச் சொல்லும்.

ஆகவே பண்டிகை முடிந்த அந்த வாரத்திலேயே, உறவினர்கள் ஊருக்குத் திரும்புவதற்குள், யார் யார் படம் எடுத்தார்களோ அவர்களிடமிருந்து மூலப் படங்களை வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பிலேயே ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் படம் சுருங்காமல் வரும். அல்லது கேபிள் போட்டு மடிக்கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள். மூலப் படத்தில் வீட்டின் இருப்பிடமும் பதிந்திருக்கக்கூடும் என்பதால் அதை அப்படியே பொதுவெளியில் போட வேண்டாம்.

கோப்புறைக்குப் பெயரிடும்போது ஆண்டை முதலில் எழுதுங்கள். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20 அன்று வந்தது. மாதத்தை மட்டும் நம்பினால் எந்தத் தீபாவளி எது என்று பிறகு தெரியாது. ‘2024-10 தீபாவளி அம்மாச்சி வீடு’ என்று எழுதினால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். ‘புதியது’, ‘புதியது 2’, ‘போன் படங்கள் எல்லாம்’ என்ற பெயர்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரே கோலத்தை இருபது முறை எடுத்திருந்தால் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். மங்கலாக இருந்தாலும் ஒருவரின் ஒரே படம் என்றால் அதை நீக்காதீர்கள்.

கூகுள் போட்டோஸில் ஏறிவிட்டது என்று சொல்லிப் போனில் அழிப்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்தச் செயலிக்குள் இருந்து நீங்கள் அழித்தால் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், இருக்கும் பிரதியும் சேர்ந்து குப்பைத்தொட்டிக்குப் போகிறது, 60 நாளில் முற்றிலும் மறைகிறது. போனில் இடம் வேண்டுமென்றால் அதிலுள்ள ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ வசதியைப் பயன்படுத்துங்கள். இலவசமாகக் கிடைப்பது ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். அது நிரம்பியதும் படங்கள் ஏறுவது நின்றுவிடும், 2021 ஜூன் மாதத்துக்கு முன்பிருந்த வரம்பற்ற சேமிப்பு இப்போது கிடையாது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்கு அழிக்கப்படலாம் என்பதால், மறைந்த தந்தையின் கணக்கில் படங்கள் இருக்கின்றன என்று விட்டுவைத்திருப்பவர்கள் உடனே அவற்றைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கிளவுடில் ஒன்று, வீட்டு ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரிலிருக்கும் அண்ணன் அல்லது அக்கா வீட்டு டிஸ்கில் ஒன்று என மூன்று பிரதிகள் இருக்கட்டும். தாமிரபரணியில் 2023 டிசம்பரில் வந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள்; ஆல்பமும் அதன் பிரதியும் ஒரே வீட்டில், ஒரே பீரோவில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும்.

அச்சுப் படங்களையும் இந்த ஆல்பத்தில் சேர்க்க விரும்புகிறவர்கள், டியூப்லைட் வெளிச்சத்தில் போனால் படம் பிடிக்காமல் 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பங்களிலிருந்து படத்தைப் பிய்த்து எடுக்காமல், வரவில்லையென்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யலாம். பின்புறத்தில் ஏதேனும் எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அடுத்த பண்டிகை விடுமுறையிலாவது அவர்களை அருகில் உட்காரவைத்து, இவர் யார், எந்த ஊர், யாருக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் எனக் கெஞ்சிக் கேட்கிறேன்.

எல்லாவற்றையும் மீறி மெமரி கார்டிலிருந்து படங்கள் அழிந்துவிட்டால், அந்த நொடியிலிருந்து அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கண்ணில் பட்ட ரிகவரி செயலிகளை அதிலேயே நிறுவாதீர்கள். கழற்றி, அதில் புதிதாக எதையும் பதியாமல் வைத்து, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஃபேக்டரி ரீசெட் செய்த இன்றைய போனின் உள்நினைவகத்தைப் பொறுத்தவரை, படங்களைப் பூட்டி வைத்திருக்கும் குறியாக்கச் சாவியே அழிந்துவிடுவதால் அதிலிருந்து படங்களை மீட்க முடியாது. மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.