தட்டைப் பாதைதானே என்று...

“மலையா ஏறினேன் தம்பி? தட்டையான பாதைதானே!”

வலது முழங்காலைத் தடவிக்கொண்டே ஓர் ஐயா என்னிடம் இப்படிக் கேட்டார். வயது 63. பணி ஓய்வு பெற்றபோது மகன் வாங்கித் தந்த சைக்கிளில் வாரத்துக்கு மூன்று நாள் சிங்கப்பூரின் பீஷானிலிருந்து காலாங் ஆற்றோரமாகவே போவார். வழியில் ஒரு தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்). காலாங் ஆற்றங்கரைப் பூங்காவை எட்டியதும் திரும்பிவிடுவார். போகவர ஏறக்குறைய 20 கி.மீ. ஆறே வாரத்தில், படி இறங்கும்போதெல்லாம் முழங்காலின் முன்பக்கம் சுருக்கென்று குத்த ஆரம்பித்துவிட்டது.

நான் இயன்முறை சிகிச்சையாளர். (ஐயாவைப் பற்றிய விவரங்கள் சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.) புலாவ் உபினில் மலைச் சைக்கிள் ஓட்டி உருண்டு விழுந்த பையன்களும் என்னிடம் வருவார்கள். அவர்களுக்கு ஏன் அடிபட்டது என்று அவர்களுக்கே தெரியும். ஆற்றோரமாக மெதுவாக ஓட்டிவிட்டு வலியோடு வருகிறவர்களுக்குத்தான் எங்கே தப்பு நடந்தது என்று பிடிபடுவதில்லை.

நம் ஊரில் இந்தப் பாதைகள் தட்டையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் போகும் வழி மெல்லத்தான் சரியும். அதன் கரையில் போட்ட பூங்கா இணைப்புப் பாதையும் அப்படியே. ரயில் காரிடரும் அந்த வகைதான். ரயிலுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. அதனால் அன்றைக்குத் தண்டவாளம் போட்டவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தினார்கள். 2011 ஜூன் 30இல் கடைசி ரயில் போனது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை நீளும் அந்த 24 கி.மீ. நிலம்தான் இப்போதைய ரயில் காரிடர். மலாயா ரயில்வேயில் நம்மவர்கள் எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். புக்கிட் தீமா இரும்புப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

சரி, முழங்காலுக்கு வருவோம். மேடு பள்ளமான பாதையில் உடம்பு தானாகவே மாறிக்கொண்டே இருக்கும். ஏற்றத்தில் சீட்டைவிட்டு எழுந்து மிதிப்போம், இறக்கத்தில் காலை நிறுத்திவிடுவோம், வளைவில் சாய்வோம். தட்டைப் பாதையில் இந்த மாற்றம் எதுவும் கிடையாது. ஒரே உட்காரல், ஒரே பிடி, நிற்காத மிதி. நிமிடத்துக்கு 60 சுற்று என்று நிதானமாக மிதித்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 5,400 முறை மடங்கி நிமிர்கிறது. சீட்டின் உயரம் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் அந்தத் தப்பும் 5,400 முறை நடக்கிறது.

ஐயாவை அடுத்த முறை சைக்கிளோடு வரச் சொன்னேன். நினைத்தபடியே சீட்டு மிகத் தாழ்வு. “உட்கார்ந்தபடியே ரெண்டு காலும் தரையில பதியணும், அப்பத்தான் தைரியமா இருக்கு” என்றார். புதிதாக ஓட்டுகிற எல்லோரும் சொல்வது இதுதான். வாடகைச் சைக்கிள்களிலும் பெரும்பாலும் இப்படித்தான் வைத்திருப்பார்கள். ஆனால் சீட்டு தாழ்ந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கிய நிலையிலேயே அழுத்த வேண்டியிருக்கும். மூட்டுச்சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடும்.

வீட்டிலேயே சரிபார்க்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டு, ஆனால் இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் இருந்தால் அதுதான் ஏறக்குறைய சரியான உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்போம் அல்லவா, அப்போது முழங்காலில் 25 முதல் 35 பாகை மடிப்பு மிஞ்சும். ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். வாரத்துக்கு அரை விரல் போதும். நிறுத்தும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொண்டால் அந்தத் தைரியம் தானே வந்துவிடும். கியரும் கனமாக வேண்டாம். லேசான கியரில் சற்று வேகமாகக் காலைச் சுற்றுவதே மூட்டுக்கு நல்லது. ‘கனமாக மிதித்தால்தான் பயிற்சி’ என்பது பலபேர் மனதில் ஊறிப்போன எண்ணம். மூட்டு தேய்ந்தவர்களுக்கு அது ஒத்துவராது.

பொங்கோலில் இருக்கும் ஓர் அக்காவுக்குப் பிரச்சினை கையில். 4.2 கி.மீ. நீளமுள்ள பொங்கோல் நீர்வழியை ஒட்டி ஓட்டி, அப்படியே கோனித் தீவுக்குள் புகுந்து திரும்புவார். ஒருநாள் சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போயின. கதவுச் சாவியைத் திருப்ப விரல் ஒத்துழைக்கவில்லை. பக்கவாதமோ என்று பயந்துபோய் வந்தார். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடியில் ஒரு நரம்பு ஓடுகிறது. உடம்பின் பாரத்தைக் கையில் சாய்த்து, மண்ணும் கல்லும் கிடக்கிற பாதையில் ஓட்டினால் அந்த இடம் விடாமல் அதிரும். போதாததற்கு டயரைக் கல்லாக இறுக்கிக் காற்றடித்திருந்தார். டயர் ஓரத்தில் காற்றழுத்தத்துக்கு அச்சிட்ட பெரிய எண் அதிகபட்ச அளவு. அங்கே குறைந்தபட்ச அளவும் போட்டிருந்தால் மண்பாதைக்கு இரண்டுக்கும் நடுவில் வைத்தாலே போதும். அகல டயர் என்றால் இன்னும் நல்லது. அக்காவுக்குக் கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்தி, முன்னால் சரிந்திருந்த சீட்டைச் சமமாக்கினோம். முழங்கையைச் சற்று மடக்கியே வைத்துக்கொள்ளச் சொன்னேன். சில வாரங்களில் விரல் சரியானது.

பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு சைக்கிள் ஓட்டாமலேயே அது வரலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் திடீரென்று தளர்வது இதெல்லாம் வந்தால் என் மாதிரி ஆளைத் தேடி வராதீர்கள். உடனே 995ஐ அழையுங்கள்.

ஆண்கள் வாய் திறந்து சொல்லாத இன்னொரு மரத்துப்போதல் உண்டு. சீட்டு அழுத்துகிற இடத்தில்தான், வேறெங்கே. வெட்கப்பட ஒன்றுமில்லை, பெண்களுக்கும் வரும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்றால் ரத்தம் ஓடும். தட்டைப் பாதையில் எழுந்து நிற்க அவசியமே வராது, நாமாகத்தான் நினைவு வைத்து எழ வேண்டும். ஐயாவுக்கு நான் சொன்ன கணக்கு: ஒவ்வொரு பாலம் தாண்டியதும் ஒருமுறை.

விழுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். சரளைக் கல்லில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் வழுக்கிவிடும். கையை ஊன்றி விழுவோம். எலும்பு மெலிந்த வயதில் மணிக்கட்டு முறிய அந்த ஒரு விழுதலே போதும். இரண்டு பிரேக்கையும் மெதுவாக, முன்கூட்டியே, வளைவுக்கு முன்பே பிடியுங்கள். மழை விட்ட கையோடு மண்பாதைக்குப் போகாமலிருப்பது உத்தமம். கொட்டும் மழையில் ஆற்றோரச் சுரங்கப்பாதைப் பக்கமே வேண்டாம். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் முன்பு 2.7 கி.மீ. கான்கிரீட் கால்வாயாக இருந்தது, 2012இல் 3.2 கி.மீ. இயற்கை ஆறாக வளைந்து ஓடத் தொடங்கியது. பார்க்க அவ்வளவு சாது. மழை வந்தால் தண்ணீர் மளமளவென்று ஏறும். அதற்கென்றே அங்கே எச்சரிக்கை விளக்கும் ஒலிபெருக்கியும் வைத்திருக்கிறார்கள்.

விழுந்து சிராய்த்தால் சேற்றோடு வீட்டுக்கு வராதீர்கள். அங்கேயே சுத்தமான தண்ணீரில் கழுவி மூடுங்கள். நம் மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமி இருக்கிறது. அரிதுதான், ஆனால் சர்க்கரை நோயாளிகளை அது கடுமையாகத் தாக்கும். பிறகு காய்ச்சல் கண்டால், மண்ணில் விழுந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பையில் மிட்டாயோ பழச்சாறோ வைத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றில் கிளம்பக்கூடாது. கை நடுங்கி வேர்த்துக்கொட்டினால் அது சர்க்கரை இறங்குவதாக இருக்கலாம்; வெயில் என்று நினைத்து மேலே மிதித்துவிடாதீர்கள், நிறுத்திச் சாப்பிடுங்கள். வெயிலுக்கும் ஒரு தந்திரம் உண்டு. ஓடும்போது காற்று வேர்வையை உலர்த்திவிடும், எவ்வளவு நீர் போனது என்று தெரியாது. நின்ற பிறகுதான் தலை சுற்றும். நம் ஊர் வெப்ப அழுத்த அறிவிப்பில் அளவு (வெறும் வெப்பநிலை அல்ல, ஈரப்பதமும் வெயிலும் சேர்த்துக் கணக்கிடுவது) 33 பாகையைத் தொட்டுவிட்டால் ‘அதிகம்’ என்று பொருள். அன்றைக்கு மாலைவரை பொறுங்கள். மாலையில் கிளம்பினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. கோனித் தீவை மட்டும் அதற்கு நம்ப வேண்டாம், விளக்கே இல்லாத அந்தத் தீவை இரவு 7 மணிக்கு மூடிவிடுவார்கள்.

ஐயா இப்போது மாடிப்படியில் வலியில்லாமல் இறங்குகிறார். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். காலாங் கரையில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீனைக் கடித்துக்கொண்டிருந்தது. அழகான படம். ஓரத்தில் அவருடைய சைக்கிளும் தெரிந்தது. நான் அதைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். சீட்டு இரண்டு விரல் இறங்கியிருந்தது.